மச்சானுக்கு பிளேட்லெட் ஏன் ஏறவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் வந்த வீட்டுக்குப் பப்பாளி இலையும் பீட்ரூட்டும் வாங்கிக்கொண்டு ஓடும் நல்ல மனசுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஓடியவன்தான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் என் மச்சானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, ஒரு வாரமாகக் காய்ச்சல். இரண்டு கணுக்காலிலும் கடுகைச் சிதறிவிட்டாற்போல் சிவப்புப் புள்ளிகள். எங்கள் புளோக்குக்குக் கீழே அப்போது டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது, ஆகவே டெங்கி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, 11,000. 150,000க்குக் கீழே போகக் கூடாத எண் அது. எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அன்றைக்கே எங்கிருந்தோ ஒரு கட்டுப் பப்பாளி இலை கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் அது டெங்கி இல்லை, ஏஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். டெங்கியில் விழுந்த பிளேட்லெட் சில நாளில் தானாகவே ஏறும், இலைச் சாறு குடித்தாலும் ஏறும், குடிக்காவிட்டாலும் ஏறும், பேர் மட்டும் சாற்றுக்குப் போய்விடும். இதில் அப்படி ஏறாது. ஏன் ஏறாது என்பதுதான் வாட்ஸ்அப்பில் சுற்றும் எந்தத் தகவலிலும் இல்லை.

மச்சானின் ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 80,000. சாதாரணமாக 4,000 முதல் 10,000 வரை இருந்தால் போதும். "இவ்வளவு இருந்துமா காய்ச்சல் நிக்கலை?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அந்த 80,000இல் பெரும்பகுதி முதிராத அணுக்கள், கிருமியோடு சண்டை போடத் தெரியாதவை, பெருகுவது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். அவை பெருகும் இடம் எலும்பு மஜ்ஜை. நம் உடம்புக்கு விநாடிக்கு 20 லட்சம் சிவப்பணு செய்து தரும் இடமும் அதேதான்.

களை மண்டினால் பயிர் சாவதுபோல நல்ல அணுக்கள் இடமில்லாமல் செத்துப்போகின்றன என்றுதான் நான் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். அது பாதிக் கதைதான். 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் மனிதர்களின் ஏஎம்எல் அணுக்களை எலிகளுக்குள் செலுத்தி, எலியின் சொந்தக் குருத்தணுக்கள், அதாவது எல்லா ரத்த அணுவுக்கும் மூலமான ஸ்டெம் செல்கள், என்ன ஆகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை குறையவே இல்லை. குருத்தணு அடுத்த கட்டத்துக்கு வளர்ந்து சிவப்பணுவாக, பிளேட்லெட்டாகப் பிரிய வேண்டும் அல்லவா, அந்த முதல் படியிலேயே அவை நின்றுபோயிருந்தன. 16 நோயாளிகளின் மஜ்ஜையைப் பார்த்தபோதும் அதே கதை. எலியின் குருத்தணுக்களை நோய் இல்லாத இடத்துக்கு மாற்றியதும் பழையபடி வேலை செய்யத் தொடங்கின. வீட்டுக்கு வந்த விருந்தாளி அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டு, சமைக்கத் தெரிந்தவரைக் கூடத்தில் உட்கார வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் சாகவில்லை, அடுப்புப் பக்கம் அவரை விடவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, 2008இல் சிகாகோவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொரு தந்திரம் தெரிந்தது. குருத்தணுக்களுக்கு மஜ்ஜைக்குள் சொந்தமாகக் கூடுகள் உண்டு. புற்றணுக்கள் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை அந்தக் கூட்டிலிருந்து தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன, போன இடத்தில் அவை ஒழுங்காக இயங்குவதில்லை. எல்லா வகை ரத்தப் புற்றுநோயிலும் அப்படியே இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, வகைக்கு வகை வழி மாறும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? முருங்கைக்கீரை சூப்பும் இரும்புச்சத்து டானிக்கும் சரக்கு இல்லாத அடுப்பங்கரைக்குத்தான் உதவும். மச்சானின் உடம்பில் சரக்குக்குக் குறைவே இல்லை. அவருக்கு ஏற்றிய ஒவ்வொரு பை சிவப்பணுவிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தது, நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு இழுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதற்கு மேல் டானிக் ஊற்றினால் ஈரலுக்குத்தான் கேடு. பச்சை இலைச் சாறு இன்னும் மோசம், எதிர்ப்புச் சக்தி அடியோடு போனவருக்கு சரியாகக் கழுவாத ஒரு இலை போதும், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

அவரைத் தாங்கியது மற்றவர்கள் கொடுத்த பிளேட்லெட்தான். முதல் பை வந்தபோது அது மஞ்சள் கரைத்த கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ரத்தம் என்றால் சிவப்பு என்று நினைத்திருந்த அக்கா, வேறு யாருடையதையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டதாகத் தாதியிடம் சண்டைக்கே போய்விட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல ஆட்டிக் காட்டினார், உள்ளே புகைச்சுருள் மாதிரி மின்னி மின்னி நகர்ந்தது. நல்ல பிளேட்லெட் அப்படித்தான் மின்னுமாம்.

கீமோ ஏழு நாள். அது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது, மூன்று வாரத்துக்கு எல்லா எண்ணும் பாதாளத்தில். 24ஆம் நாள் பை எதுவும் ஏற்றாமலே பிளேட்லெட் 38,000, இரண்டு நாள் கழித்து 70,000. விருந்தாளியை விரட்டியதும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்! எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு இரண்டாவது கீமோ, சிலருக்குக் குருத்தணு மாற்று சிகிச்சை என்று போகும்.

உங்கள் நாளிதழில் ரத்த தானம் பற்றி எழுதும்போதெல்லாம் பிளேட்லெட்டுக்கும் தனியாக நாலு வரி கொடுங்கள். அதைச் சில நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஊட்ரம் ரோட்டு ரத்த வங்கியில் இயந்திரம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு சிவப்பணுவை நமக்கே திருப்பிவிடும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஒரு படம் பாதி பார்க்கலாம்.

மக்சிக்குக்கு இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் மகன் இதுவரை இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்