நைட் ஷிப்ட் முடிந்த கையோடு தியான வகுப்பு வேண்டாம்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) உங்கள் செம்பனை ஆலையில் லாரி எடைபோடும் இடத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக நீங்கள் நடத்தும் தியான வகுப்பை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அது எனக்கு உதவியது, அதனால்தான் எழுதுகிறேன்.

குலை அதிகம் விழும் மாதங்களில் லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். வெயிலில் காத்துக் கிடந்த டிரைவர் ஜன்னலைத் தட்டிக் கத்துவார், அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரு நடை குறைந்தால் அன்றைக்குக் காசு குறையும். முன்பெல்லாம் நானும் பதிலுக்குக் கத்துவேன், வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடமும் அதே குரல்தான். இப்போது லாரி மேடையில் ஏறி, திரையில் எண் ஆடி அடங்கும்வரை, இரண்டு கையையும் மேசையில் வைத்து மூச்சு போவதையும் வருவதையும் மட்டும் பார்க்கிறேன். ஐந்தாறு மூச்சுதான். கத்துவது அநேகமாக நின்றுவிட்டது.

ஆனால் வகுப்பை எப்போது வைத்திருக்கிறீர்கள்? வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில். பன்னிரண்டு மணி நேரம் எண்ணெய் பிழியும் பிரஸ் பக்கத்திலும் பாய்லர் பக்கத்திலும் நின்றவர்கள் நேராக அங்கே வருகிறார்கள். போன வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன், காதில் அடைத்திருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்தபடி, "பாதத்தைக் கவனியுங்கள்" என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் தலை தொங்கிவிட்டார். எழுப்பி உட்கார வைத்தார்கள். அவர் கூச்சப்பட்டு நிமிர்ந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தூக்கம்தான் தேவை, அப்புறம் மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் வீட்டுக்கு வேறு போக வேண்டும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று நோட்டீஸில் இருக்கிறது, ஆனால் வருகைப் பதிவு எடுத்து வருடக் கடைசி மதிப்பீட்டில் சேர்ப்போம் என்கிறார் சூப்பர்வைசர். 2023 ஜனவரி 1 முதல் மலேசியச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. ஆள் பற்றாக்குறையால் குறைந்த அந்த மூன்று மணியும் எங்களுக்கு ஓவர்டைமிலேயே போய்விட்டது. வேலையிட மனநலம் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கொடுத்த வழிகாட்டுதலும் தொழிலாளிக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு நிற்கவில்லை. வேலை நிலைமையைச் சரிசெய்யுங்கள், மேலாளர்களுக்கும் பயிற்சி கொடுங்கள் என்கிறது. நீங்களும் ஒருநாள் எங்களோடு வந்து உட்காருங்கள்.

இன்னொன்று. மலாய், வங்காளதேச நண்பர்கள் இது சாமி கும்பிடுகிற விஷயமோ என்று வாசலிலேயே நிற்கிறார்கள். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியோடு வந்தவர்களுக்கு ஜோன் கபாட்-சின் என்பவர் இந்த மாதிரித் தியானத்தைக் கற்றுக்கொடுத்தபோது, பௌத்தத்திலிருந்து எடுத்ததைச் சமயச் சாயல் இல்லாமல்தான் கொடுத்தார். முன்னால் வைக்கிற குத்துவிளக்கும் ஓம் ஒலிப்பதிவும் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் எடுத்துவிடுங்கள். மலாயிலும் ஒருமுறை விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.

வகுப்பை ஷிப்ட் தொடங்கியதும் பதினைந்து நிமிடம், சம்பள நேரத்தில் வையுங்கள், வருகைப் பதிவு வேண்டாம். பிரஸ் பகுதிக்கு இரண்டு ஆள் கூடுதலாக எடுங்கள், அதுவும் இதில் சேர்ந்ததுதான். ஆபீஸுக்குப் பின்னால் பழைய பைல் அறை சும்மாதான் கிடக்கிறது, மெஷின் சத்தம் அங்கே அவ்வளவாகக் கேட்காது. நீங்கள் சரி என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் இன்னும் இரண்டு பேரும் வந்து கூட்டித் துடைத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
எடைமேடையில் வேலை செய்யும் உங்கள் ஊழியர்