தகரப் பெட்டியில் இருக்கும் மூல அட்டை

அம்மாபேட்டை, சேலம்
ஆடி மாதம்

அன்பு நண்பா,

ஏற்காட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று மாலை கிடைத்தது. உன் தங்கைக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று படித்ததும் எனக்குச் சற்று நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுடைய அறிக்கையில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று இருப்பதைப் பார்த்து, 'இது மரபணுக் கோளாறு' என்று ஒருவர் ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிட, உன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், இது குடும்பத்தில் இறங்கிவரும் நோய்தானா, பெண் கேட்டு வருபவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒற்றை வரியை விளக்க அவர் இரண்டு நிமிடம் செலவிட்டிருந்தால், நீ பத்து நாள் தூக்கமில்லாமல் கிடந்திருக்க மாட்டாய்.

பாதி அச்சத்தை அந்தச் சொல்லே உண்டாக்கிவிடுகிறது. 'மரபணு' என்பதற்குள் 'மரபு' இருப்பதால், மரபணு மாறியது என்றாலே பாட்டன் பூட்டன் வழி வந்தது என்று நம் காதில் விழுகிறது. வகுப்பில் இத்தனை ஆண்டுகளாக இதைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். புற்றுநோய் எதுவானாலும் அதன் அடியில் மரபணு மாற்றங்கள் இருக்கும். ஆனால் நூற்றுக்கு 5 முதல் 10 வரையிலான புற்றுநோய்களில்தான் பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் முதன்மைக் காரணம். மற்றவை, வாழ்நாளில் ஏதோ ஓர் உறுப்பின் ஏதோ ஒரு செல்லில் புதிதாக உண்டானவை.

எங்கள் வீட்டுத் தறி உனக்கு நினைவிருக்கும். ஒருமுறை ஜக்கார்டு பெட்டியில் ஓடும், எந்த இழை எழ வேண்டும் என்பதைத் துளைகளால் சொல்லும் அட்டைகளில் ஒன்றில், ஒரு துளை கிழிந்து பக்கத்து இடத்துக்கும் பரவிவிட்டது. எழக்கூடாத ஒரு பாவு இழை எழுந்து, ஒவ்வொரு மாங்காய்ப் புட்டாவிலும் காம்புக்குக் கீழே, அதே இடத்தில், கடுகளவு வெள்ளைப் புள்ளி விழுந்தது. இரண்டு முழம் நெய்த பிறகுதான் அப்பா அதைக் கண்டார். ஆனாலும் அவர் பதறவில்லை. அதே டிசைனின் மூல அட்டைக் கட்டு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நம் உடலின் செல்கள் தறியில் ஓடித் தேயும் அட்டைகள் என்றால், கருமுட்டையும் விந்தணுவும் பெட்டியில் இருக்கும் மூலக் கட்டு. பிள்ளைகளுக்குப் போவது அந்தக் கட்டு மட்டும்தான்.

தங்கையின் அறிக்கையில் இருப்பது தறியில் ஓடிய அட்டையின் கிழிசல். மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 17-ஆவதில் உள்ள ஹெர்-2 மரபணு, 'வளர்' என்னும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தைச் செய்கிறது. ஒரு செல்லில் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய அது, அவளுடைய கட்டியின் செல்களில் பல மடங்கு பெருகி, செல்லை ஓயாமல் பிரியச் சொல்கிறது. கட்டியிலிருந்து எடுத்த சதையைத்தான் இதற்குச் சோதிக்கிறார்கள். அவளுடைய மற்ற செல்களில் இந்தப் பெருக்கம் இராது, அது யாருக்கும் இறங்காது. அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேள்.

என் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது நானும் உன்னைப் போலவே மகனை நினைத்துப் பயந்தேன். அவளுக்கு 9-ஆம் குரோமோசோமின் துண்டும் 22-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறியிருந்தன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்களில் மட்டும். மகனிடம் அது இல்லை. நாளுக்கு ஒரு மாத்திரையோடு அவள் வீட்டையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போய் வருகிறாள்.

இவ்வளவும் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதினேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நண்பனாக இருக்க முடியாது. நாம் கல்லூரியில் படிக்கும்போது உன் சின்ன அத்தை, வயிற்றில் நீர் கோத்து, ஆறே மாதத்தில் இறந்தார். ஊரில் செய்வினை என்றார்கள். அது சினைப்பையில் வந்த புற்றுநோயாக இருந்திருக்கக்கூடும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்னும் மரபணுக்கள் அறுந்த டி.என்.ஏ இழைகளைச் சரிசெய்ய உதவுபவை. மூலக் கட்டிலேயே இவற்றில் பழுது இருக்கும் குடும்பங்களில் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வருவது கூடுதல். அத்தை அப்பா வழி என்பதால் ஒதுக்கிவிடாதே. ஆண்கள் வழியாகவும் அது இறங்கும். உன்னிடம் இருந்தால் உன் மகளுக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்போதும் அவள் பெறுவது நோயை அல்ல. இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றும் நமக்கு இரண்டிரண்டு. ஒன்று பழுதாக வந்தாலும் மற்றது காவலுக்கு இருக்கிறது. அதுவும் ஏதோ ஒரு செல்லில் கெடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. விழித்திரைப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் இந்த இரட்டை அடியை முதலில் விளக்கினார். ஆனாலும் பி.ஆர்.சி.ஏ பழுதுடன் பிறந்த பெண்களில் 10 பேரில் 6 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதால், தெரிந்துகொண்டு முன்கூட்டியே கண்காணிப்பதே நல்லது.

மகளைச் சோதனைக்கு அழைத்துக்கொண்டு ஓடாதே. முதலில் தங்கையின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அவளிடம் பழுது தென்பட்டால் அடுத்தது நீ, அதன் பிறகுதான் மகள். அந்த முடிவு வரும்வரை வரன் பேச்சைச் சற்றுத் தள்ளிவை. பழுது இருப்பதாகவே தெரிந்தாலும், மறைத்துக் கட்டிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு முன் வாழப்பாடியில் இருக்கும் உன் பெரிய அத்தையிடம், சின்ன அத்தை எந்த வயதில் இறந்தார், மார்பில் கட்டி ஏதும் இருந்ததா, தாத்தா வீட்டில் வேறு யாருக்கு இப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பெரியவருக்கு எண்பது ஆகிறது. இந்த வாரமே போய் வா, நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்