'பங்கின் பெயர்' பங்குக்காக மன்றாடினோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் கோவிலில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பூசையில் மக்கள் சார்பாகச் சொல்லும் வேண்டுதலான பொது மன்றாட்டை வாசிக்க வந்த எட்டாம் வகுப்புப் பையன், அச்சிட்ட புத்தகத்தைப் பிரித்து, "பங்கின் பெயர் பங்கில் வாழும் எங்கள் அனைவருக்காகவும்" என்று கணீரென்று வாசித்தான். அந்தந்தப் பங்கின், அதாவது ஊர்க் கோவில் சபையின், பெயரைச் சொல்லிக்கொள்ள அடைப்புக்குறிக்குள் விட்டிருந்த இடம் அது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். கோவில் நிறைய ஆட்கள் இருந்தோம், ஒருவர்கூட நிமிரவில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டோம். நானும்தான்.

அதற்கு முந்தைய மன்றாட்டு கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்காட்டில், கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் நின்று அவர்களுக்காக வேண்டுவதும் நல்லதுதான். ஆனால் காப்பிச் செடி பூக்க மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழ வேண்டும், இந்த ஆண்டு இன்னும் ஒரு தூறல்கூட இல்லை. பக்கத்து வரிசையில் இருந்த எஸ்டேட் அம்மாவின் மகன் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டே அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "கருத்துக்குக் காசு கட்டியிருந்தா பேரு சொல்லியிருப்பாங்களோ?"

காசு கட்டி ஒருவருக்காகப் பூசை வைக்கச் சொல்வதுதான் 'கருத்து'. அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். விளக்கும்போதே வெட்கமாக இருந்தது.

இந்தப் பொது மன்றாட்டு பல நூற்றாண்டுகளாக ஞாயிறு பூசையில் வழக்கொழிந்து, பெரிய வெள்ளி வழிபாட்டில் மட்டும் தங்கியிருந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் 1963-ல், திருவழிபாட்டு ஏட்டின் 53-ம் எண்ணில், அதை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, துன்பப்படுகிறவர்களுக்காக, அப்புறம் அந்தந்த ஊர்ச் சபைக்காக என்று ஒரு வரிசை உண்டு. முதல் மூன்றை யார் வேண்டுமானாலும் எழுதித் தரட்டும். நான்காவதை எங்கோ ஒரு அச்சகத்தில் எழுதித் தர முடியுமா?

சொந்தமாக எழுத விட்டால் வம்பு என்பார்கள். உண்மைதான். ஒருமுறை ஒரு பெண்ணின் ஆபரேஷன் விவரம் முழுவதையும் மைக்கில் கேட்டோம். இன்னொரு முறை, குடிப்பவர்களுக்காக வேண்டுகிறேன் என்று ஆரம்பித்த ஒருவர் மூன்றாவது வரிசையில் இருந்த தன் மச்சானுக்குப் புத்தி சொல்லி முடித்தார். பெயர் போதும், நோய் வேண்டாம். பெயரையும் வீட்டாரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போனால் அது இரண்டாவது பிரசங்கம்.

பங்குத்தந்தையிடம் பேசினேன். சரி, அன்பியம் அன்பியமாக (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுதான் அன்பியம்) முறை வைத்து எழுதுங்கள், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் என்னிடம் காட்டுங்கள் என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பேனாவை நூலில் கட்டி, வாசலில் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு வரி விழுந்திருக்கிறது. ஒன்று மழைக்கு. இன்னொன்றை அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு.