சட்டம் வரைவாக இருக்கும்போதே எங்களைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரிட்டாபட்டி கிராமப் பகுதியில் டங்ஸ்டன் கனிமம் தோண்டும் உரிமைக்கான ஏலம் ரத்தானதை எங்கள் மதுரை மாவட்டத்தில் பெரிய வெற்றியாகப் பேசுகிறோம். எனக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு. ஆனால் எல்லாம் நடந்த வரிசையை நினைத்தால் மனசு ஆறவில்லை. 2023இல் நாடாளுமன்றம் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. எங்கள் பக்கத்துக் கிராமசபை எதிலும் அதைப் பற்றி அப்போது பேசியதாக எனக்கு நினைவில்லை. 2024 நவம்பரில் ஏலம் முடிந்து, எடுத்த நிறுவனத்தின் பெயர் வந்த பிறகுதான் ஊரே விழித்துக்கொண்டது. அப்புறம் கிராமசபைத் தீர்மானங்கள், சட்டமன்றத் தீர்மானம், மதுரையை நோக்கி மக்கள் திரண்ட பேரணி. 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்தார்கள். சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் இருக்கிற ஊர், 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், அதற்கே இத்தனை பாடு. வெளியே பெயர் தெரியாத ஒரு ஊர் என்ன செய்யும்?

எந்த மசோதாவையும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அதன் சாரத்தை எளிய மொழியில் விளக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும் என்று மத்திய அரசே 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. நல்ல கொள்கைதான். ஆனால் அது சட்டம் இல்லை. வேளாண் சட்டங்கள் 2020 ஜூனில் நேரடியாக அவசரச் சட்டங்களாகவே வந்தன. விவசாயிகள் ஒரு வருடம் தில்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் கிடந்த பிறகுதான் திரும்பப் பெறப்பட்டன.

வரைவை வெளியிட்டாலும் மொழி குறுக்கே நிற்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்வதற்கான விதிகளின் வரைவு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. தமிழ் உள்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிடுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, படிக்கத் தமிழில் தர மறுத்தால் அது என்ன கேள்வி?

சுவிட்சர்லாந்தில் 100 நாளில் 50,000 பேர் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. நாடு முழுக்க வாக்கெடுத்தால் அரிட்டாபட்டி போன்ற ஊர் எண்ணிக்கையில் காணாமல் போய்விடும். நான் கேட்பது வேறு. 2014ஆம் ஆண்டுக் கொள்கையைச் சட்டமாக்க வேண்டும். வரைவு தமிழில் வர வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒரு ஊரைத் தொடும் மத்திய மசோதா எதுவானாலும் அந்த ஊர்க் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். தீர்மானம் அமைச்சகத்துக்குப் போனால், ஏற்காததற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இதெல்லாம் ஊர்க்காரர்களுக்குப் புரியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கண்மாய் நிறைந்தால் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கருத்துக்கேட்புக்கு வந்திருக்கும் மசோதாக்களின் பெயர், கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி, இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை சின்னக் கட்டமாகத் தமிழில் போடுங்கள். எங்கள் தெரு வாசகசாலைச் சுவரில் அதை வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை