பிட்டார் என்றால் நொறுக்கினார் என்று அர்த்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இம்மாத இதழில் திருவிருந்து (சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) பற்றிய கட்டுரையில், 'கிளாவோ' என்ற கிரேக்க வினைக்கு 'நொறுக்குதல்' என்று பொருள், கிறிஸ்துவின் சரீரம் நொறுக்கப்பட்டதையே அது காட்டுகிறது என்று ஒரு வரி. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. கிரேக்கம் அறிந்த நீங்கள் இதை எப்படி அச்சுக்கு விட்டீர்கள்?

இயேசு திரளான ஜனங்களுக்கு உணவளித்தபோது, கடைசி இராப்போஜனத்தில், உயிர்த்தெழுந்தபின் எம்மாவூரில், பிறகு புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர் நடுவே பவுல் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட ஆரம்பித்தபோது என்று கிளாவோ வருகிற இடமெல்லாம் அப்பம்தான். அப்பத்தைக் கையில் எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுப் பந்தியில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது யூதர் வீட்டு வழக்கம், அதற்கான சொல் இது. சிலுவையில் மற்ற இருவரின் கால்களை முறித்ததைச் சொல்லும்போது யோவான் வேறு வினையைப் போடுகிறார், இயேசுவின் எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படாது என்ற வேதவாக்கையும் அங்கேயே காட்டுகிறார். 1 கொரிந்தியர் 11:24-ல் 'உங்களுக்காகப் பிட்கப்படுகிற என் சரீரம்' என்று கிளாவோ சரீரத்தோடு சேர்ந்து வருகிறதே என்பீர்கள். வேதாகமத்தின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றான வத்திக்கான் சுவடியிலும் அதைவிடப் பழைய பப்பிரஸ் சுவடியிலும் அந்த வினை கிடையாது, 'உங்களுக்காக' என்று மட்டும்தான் இருக்கிறது. அந்த வினை உள்ள பிரதியைப் பின்பற்றிய நம் பழைய தமிழ் வேதாகமம்கூட 'பிட்கப்படுகிற' என்றுதான் எழுதியது. 'நொறுக்கப்பட்டார்' என்பது ஏசாயா 53-ல் உள்ள சொல், அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

எங்கள் அம்மா ஒரே தோசையை நாலு பிள்ளைகளுக்குப் பிட்டு வைத்து, தனக்கு மிஞ்சினதைச் சாப்பிட்டவர். அவர் தோசையை நொறுக்கினார் என்று யாராவது சொல்வார்களா?

இது முதல் தடவையாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். வல்லமையைக் குறிக்கும் 'துனாமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு டைனமைட் என்று முன்பு எழுதினீர்கள், டைனமைட் 1867-ல் நோபல் தன் வெடிமருந்துக்கு வைத்த பெயர், பவுலுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினேன். அப்புறம் அன்புக்கான 'அகாபே' என்ற கிரேக்கச் சொல் தெய்வீக அன்பை மட்டுமே குறிக்கும் என்று வந்தது, கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட கேடுகெட்ட ஆசைக்கும் அதே சொல்தான் என்று வசனத்தோடு எழுதினேன். இரண்டுக்கும் ஒரு வரி பதில் இல்லை. இருபது வருடச் சந்தாதாரர் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு போடக்கூடாதா ஐயா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சபையில் போதகர் ஐயர் ஒரே ரொட்டியை எல்லார் கண்முன்னும் கையால் பிட்டுக் கொடுப்பார். இப்போது முன்கூட்டியே வெட்டின துண்டுகள் தட்டில் வருகின்றன. வாய் 'பிட்டு' என்கிறது, கை எதையும் பிட்கிறதில்லை. கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள், சரி, தொற்றுக் காலத்தில் நானும் ஒத்துக்கொண்டேன், இன்னுமா? கட்டுரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் எத்தனை பிரயோஜனமாக இருந்திருக்கும்.

அடுத்த இதழில், கிளாவோ என்பதற்கு அப்பத்தைப் பிட்குதல் என்று பொருள் என இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் மூலையில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்