கிராக் தே செவாலியே: நுழைவு வழிதான் பெரிய காவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிரியாவின் கிராக் தே செவாலியே கோட்டை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் "சிலுவைப் போர்வீரர்கள் கட்டியது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர்களுக்கு முன்பே, 11-ஆம் நூற்றாண்டில், அந்தக் குன்றின் மேல் குர்துப் படையினர் காவல் இருந்தார்கள். 1142-ல்தான் திரிப்போலி (இன்றைய லெபனானில் உள்ளது) பிரபு இரண்டாம் ரேமண்ட் அதை ஹாஸ்பிடலர் என்ற சிலுவைப்போர்க் காலக் கிறிஸ்தவத் துறவிப்படைக்குக் கொடுத்தார். 1170 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறையத் திருப்பிக் கட்டினார்கள். வெளிமதில் 13-ஆம் நூற்றாண்டு வேலை.

மதிலின் பருமனை மெச்சிய கட்டுரை, நுழைவு வழியை விட்டுவிட்டது. எனக்கு அதுதான் அந்தக் கோட்டையின் மூளை. வாசலைத் தாண்டியதும் கூரை மூடிய இருட்டுச் சரிவுப் பாதை. நடுவில் மலைச்சாலையில் வருகிற மாதிரி ஒரு கொண்டை ஊசி வளைவு. உள்ளே புகுந்த எதிரி வேகமாக ஓடவும் முடியாது, எதிரே இருப்பதைப் பார்க்கவும் முடியாது. அப்புறம் தெற்குப் பக்கம், இரண்டு மதில்களுக்கும் நடுவே திறந்த நீர்த்தொட்டி. அதுவும் ஒரு தடைதான்.

இத்தனை இருந்தும் 1271-ல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் சுமார் ஒரு மாத முற்றுகையில் பிடித்துவிட்டார். இடிக்கவில்லை, பழுதுபார்த்தார், தேவாலயத்தை மசூதியாக்கினார்.

2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், உள்நாட்டுப் போரில் சேதப்பட்டதையாவது குறிப்பிட்டிருக்கலாம். அடுத்த முறை ஒரு தரைப்படமும் போடுங்கள், சார்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்