மட்டக்களப்பு புகையிரத ஆர்வலர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக. 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலப்பகுதிக்குரிய அறிக்கையைச் சபையின் முன் சமர்ப்பிக்கிறேன்.

டிசம்பர் தவிர்ந்த மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. மறைந்த மூத்த அங்கத்தவர் ஒருவருக்கு மார்ச் மாதக் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடல் சிறப்பாக நடந்தது. பாடசாலை மாணவர்களுக்கான சித்திரப் போட்டி ஜூனில் நடத்தப்பட்டுப் பரிசில்கள் வழங்கப்பட்டன.

பெப்ரவரி 20ஆம் திகதி அதிகாலையில் ஹபரணைப் பகுதியில், எமது மட்டக்களப்புப் பாதையிலேயே, பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அடுத்து வந்த கூட்டத்தில் இது நீண்ட நேரம் பேசப்பட்டது. யானை நடமாடும் இடங்களில் இரவில் வேகத்தைக் குறைத்தால் ஏற்கெனவே நீண்ட பயணம் மேலும் நீளும் என்று அங்கத்தவர் சிலர் கூறினர். கொழும்பு கோட்டைக்கு அரை மணித்தியாலம் பிந்திச் சென்று சேர்வது எவருக்கும் தாங்க முடியாத இழப்பல்ல என்பதே என் நிலைப்பாடு. வேகக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறி, கூட்டறிக்கைப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது.

வருடாந்தச் சுற்றுலா ஜூலையில் கடுகண்ணாவையிலுள்ள தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு மேற்கொள்ளப்பட்டது. உதயதேவி புகையிரதத்தில் புறப்பட்டு, மாகோவில் வடக்குப் பாதையுடன் இணைந்து, பொல்கஹவெலையில் இறங்கிக் கண்டிப் புகையிரதத்தில் மாறினோம். வாவியும் வயலுமாகச் சமதரையிலேயே ஓடிப் பழகிய எங்களுக்கு, றம்புக்கணையைத் தாண்டியதும் ஏறத்தாழ 45க்கு 1 என்ற சாய்வில் இயந்திரம் மூச்சுப் பிடித்து ஏறுவதைக் கேட்பதே பயணச்சீட்டின் பெறுமதியைத் தந்துவிட்டது. அம்பாறை மாவட்டத்தில் புகையிரதப் பாதை இல்லாததால், அக்கரைப்பற்றிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வந்த அங்கத்தவர்கள் விடியுமுன் பஸ் ஏறி மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தனர். தண்டவாளமே இல்லாத ஊர்களிலிருந்து வருபவர்கள் முதலில் வந்து மேடையில் நின்றார்கள் என்பதையும், நிலையத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் வசிக்கும் சிலர் வண்டி புறப்பட்ட பின்னரே தொலைபேசி எடுத்தார்கள் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டியுள்ளது.

இனி, இவ்வாண்டின் பிரதான பணியாகிய, சிறு வண்டிகள் ஓடும் மாதிரிப் புகையிரதப் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். இதற்குச் செலவான பணம், நேரம் ஆகியவை குறித்துச் சங்கத்துக்குள்ளும் வெளியிலும் பல பேச்சுகள் எழுந்திருப்பதால், நடந்ததை முழுமையாகப் பதிவுசெய்வது செயலாளரின் கடமையாகிறது.

2025 செப்டெம்பர் 27ஆம் திகதி, இங்கிலாந்தில் ஸ்டொக்டன்–டாலிங்டன் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு 200 ஆண்டுகள் நிறைவடைந்த நாள். ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் 'லொகோமோஷன்' இயந்திரம் 1825இல் அன்றுதான் நிலக்கரியையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. அதற்கு 39 ஆண்டுகளின் பின், 1864 டிசம்பர் 27இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு இலங்கையின் முதலாவது புகையிரதம் ஓடியது; மட்டக்களப்புக்குப் பாதை வந்தது 1928இல். இந்த 200ஆவது ஆண்டைக் கொண்டாட உலகெங்கும் ஆர்வலர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்த வேளையில், எமது பாதையையே மாதிரியாக அமைத்து, செப்டெம்பரில் கண்காட்சி வைத்து எமது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற பிரேரணையை நான் ஜனவரிக் கூட்டத்தில் முன்வைத்தேன். அது ஏகமனதாக ஏற்கப்பட்டது என்பதை, பின்னர் மாற்றிப் பேசியவர்களின் நினைவுக்காக இங்கு கூறுகிறேன்.

அளவுத்திட்டம் பற்றிய விவாதமே இரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டது. இலங்கையின் அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1676 மில்லிமீற்றர். உலகில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 19.3 மில்லிமீற்றராக வர வேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர்தான், ஏனெனில் அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீற்றர் பாதைக்காகச் செய்யப்பட்டது. எனவே எமது பெட்டிகள் அதன்மீது நிற்கும்போது சற்று ஒடுங்கிய பாதையில் நிற்பதுபோல் தெரியும். சரியான அகலத்தில் நாமே தண்டவாளம் பதிக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். அப்படிச் செய்தால் ஒவ்வொரு இயந்திரத்தின் அச்சையும் சில்லையும் மாற்ற வேண்டும். பிற சங்கத்தவர் எவரும் தமது வண்டியை எமது பாதையில் ஓட்ட முடியாது. செப்டெம்பருக்குள் முடியவும் முடியாது. ஆகவே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தையே எடுப்பதென நான் முடிவெடுத்தேன். கண்காட்சிக்கு வந்தவர்களில் தண்டவாள அகலத்தைக் குறையாகச் சொன்னவர் எவரும் இல்லை.

எதைக் காட்டுவது என்பதிலும் தெரிவு தேவைப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரையிலான சுமார் 30 கிலோமீற்றரை அந்த அளவில் அப்படியே செய்தால் ஏறத்தாழ 345 மீற்றர் நீளம் வேண்டும். எம்மிடம் இருந்தது நான்கடிப் பலகைகள் நான்கு. ஆதலால் மட்டக்களப்பு நிலையத்தை ஒரு முனையிலும், ஓட்டமாவடிப் பாலத்தை மறுமுனையிலும் வைத்து, இடையில் ஏறாவூரையும் பனங்காணியும் வயலும் சேர்ந்த ஒரு துண்டையும் அமைத்தோம். புதிய வீதிப் பாலம் கட்டப்படும்வரை பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் புகையிரதமும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பழைய இரும்புப் பாலத்தையே பயன்படுத்தின என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். மன்னம்பிட்டியிலும் 2007இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை அதே நிலைதான். கதவு மூடப்பட்டு இருபுறமும் வாகனங்கள் காத்துக் கிடக்க, வீதியின் நடுவே புகையிரதம் வந்த அந்தக் காட்சி மறைந்துபோகக் கூடாது என்பதற்காகவே பாலத்தைத் தெரிவுசெய்தேன்.

பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பித்தளைக் கம்பியில் வெட்டி, ஒவ்வொரு மூட்டினையும் ஈயத்தால் பற்றவைத்தோம். ஒரு மூட்டினை ஒட்டும்போது பக்கத்து மூட்டு சூட்டில் இளகி விழுந்துவிடும் என்பதால், ஒட்டியவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டே அடுத்ததை ஒட்ட வேண்டியிருந்தது. வயலுக்கும் மேட்டுக்கும் ரெஜிபோம் என்ற இலேசான நுரைப் பலகையை வெட்டி, பைண்டர் கம் பசை பூசி, ஆற்று மணலை அரித்துத் தூவினோம். இயந்திரமாக, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா வழங்கிய எம்2 டீசல் வகையைத் தெரிவுசெய்தோம். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எனக் கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இந்நாட்டில் ஓடிய இயந்திரங்கள் அவை. வாங்கிய ஓர் அடிச்சட்டத்தின்மீது அட்டையில் உடலைக் கட்டிய இளம் அங்கத்தவரின் கைத்திறனைச் சபை பாராட்ட வேண்டும்.

வாவிக் காற்றின் உப்பு இப்பணிக்குப் பெரும் எதிரி. மாதிரிப் பாதையில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே சில்லுக்கும் மோட்டாருக்கும் போகிறது. தண்டவாளத்தின் முகத்தில் மெல்லிய கறை படிந்தாலே வண்டி தடுமாறி நின்றுவிடும். பித்தளைத் தண்டவாளம் மலிவானது, ஆனால் விரைவில் கறுத்துவிடும். விலை கூடிய, ஆனால் மெதுவாகக் கறுக்கும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தை வாங்கியது ஆடம்பரம் என்று குறை கூறியவர்கள், கண்காட்சி நாளில் ஸ்பிரிட் தோய்த்த துணியுடன் மணிக்கொரு தடவை அந்தத் தண்டவாளத்தையே துடைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தால் தமது கருத்தை மாற்றியிருப்பார்கள்.

கண்காட்சி செப்டெம்பர் 27, 28 ஆகிய சனி, ஞாயிறு தினங்களில் பாடசாலை மண்டபம் ஒன்றில் நடைபெற்றது. முதல்நாள் முற்பகலில் மின்சாரம் தடைப்பட்டது. மாதிரி வண்டிகள் 12 வோல்ட் நேரோட்ட மின்சாரத்தில் ஓடுபவை என்பதால், வாசலில் நின்ற முச்சக்கரவண்டியின் பற்றரியைக் கழற்றி இணைத்து, சில நிமிடங்களில் வண்டியை மீண்டும் ஓடவிட்டோம். ஓய்வுபெற்ற நிலைய அதிபரான எமது அங்கத்தவர், பலகையிலும் மின்மணியிலும் செய்த இரண்டு டெப்லட் (ஓட்டுநர் கையில் எடுத்துச் செல்லும் அனுமதித் தகடு) கருவிகளை மண்டபத்தின் இரு கோடிகளில் வைத்து ஒற்றைப் பாதையின் பாதுகாப்பு முறையை விளக்கியது பலரையும் கவர்ந்தது. அடுத்த நிலையம் மணி அடித்துச் சம்மதம் தரும்வரை இந்த நிலையத்தில் டெப்லட்டை எடுக்க முடியாது. ஒன்று வெளியே எடுக்கப்பட்டால், அது மறுமுனையில் உள்ளே போகும்வரை இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு துண்டுப் பாதையில் ஒரு வண்டிக்குமேல் நுழைய வழியில்லை. வளையத்துடன் டெப்லட் பையைக் கையில் ஏந்தி ஓடுவதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். மீனகயா இரவுப் புகையிரதத்தில் தூங்கிக்கொண்டே கொழும்பு போய் வருபவர்கள்கூட, தமது உயிரைக் காப்பது இந்தச் சிறு வட்டத் தகடு என்று அன்றுதான் அறிந்ததாகக் கூறினர்.

இத்தனையையும் செய்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சபை அறிய வேண்டும். பதிவேட்டில் 46 பெயர்கள் உள்ளன. மாதாந்தக் கூட்டத்துக்கு வந்தோர் தொகை எந்த மாதத்திலும் 15ஐத் தாண்டவில்லை. பலகைகளை ஏற்றி இறக்கி, மின்கம்பி இணைத்து, இரவில் மண்டபத்தில் காவல் இருந்து, முடிந்தபின் கூட்டிப் பெருக்கியவர்கள் ஐந்தாறு பேர் மாத்திரமே. அவர்களில் இருவர் இன்னும் பாடசாலை மாணவர்கள். குழுப்படம் எடுத்த வேளையில் மேடை நிறைந்திருந்தது. நோய், வேலை, குடும்பக் காரணங்களால் வர முடியாதவர்களை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். ஆனால் உப குழுவில் தாமாகவே பெயரைக் கொடுத்து, ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, பின்னர் தொலைபேசி அழைப்புக்கும் பதில் அளிக்காமல் இருப்பது, அந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்பதற்கும் இடம் கொடுக்காமல் செய்துவிடுகிறது.

சந்தா நிலைமை மேலும் கவலைக்குரியது. மாதம் நூறு ரூபா என்ற தொகை பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. அங்கத்தவரில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலரது நிலுவை மூன்றாவது ஆண்டை எட்டியுள்ளது. யாப்பின்படி, நிலுவை உள்ளவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. இதுவரை அந்த விதியை நிர்வாக சபை கடைப்பிடிக்காதது நட்பின் நிமித்தமே.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பொதுவாகக் கூறின், கண்காட்சி அனுமதிச் சீட்டுகளாலும் நலன்விரும்பிகளின் நன்கொடைகளாலும் கிடைத்த வரவு மண்டபச் செலவையும் தண்டவாளத்தின் பெரும்பகுதியையும் ஈடுசெய்தது. எஞ்சியதைச் சிலர் கைப்பணமாகக் கொடுத்துள்ளனர், அது இன்னும் திருப்பப்படவில்லை. வங்கிக் கணக்கில் மீதி உண்டு என்றாலும், அது அடுத்த ஆண்டின் வேலைகளுக்குப் போதாது.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் உயிர்களைக் காவுகொண்டு, புகையிரத சேவைகளையும் நிறுத்தியது. அக்காலத்தில் சங்கக் கூட்டம் நடத்துவது பொருத்தமற்றது எனக் கருதி டிசம்பர்க் கூட்டம் இரத்துச் செய்யப்பட்டது. மாதிரிப் பாதையின் பலகைகள் அப்போது அங்கத்தவர் ஒருவரின் வீட்டு முன்னறையில் இருந்தன. மழைநீர் வாசற்படியைத் தொட்டதும், அவரும் அவரது துணைவியாரும் தமது தளபாடங்களை விட்டுவிட்டு, முதலில் எமது பலகைகளைக் கட்டிலின்மீது ஏற்றினர். அக்குடும்பத்துக்குச் சங்கம் பட்டுள்ள நன்றிக்கடன் பெரிது. இன்னொரு மழைக்காலத்துக்கு அவர்களை அப்படிச் சிரமப்படுத்துவது முறையல்ல.

போசகர், தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், மண்டபத்தைத் தந்துதவிய பாடசாலை நிர்வாகம், ஒலிபெருக்கி வழங்கியவர், சிற்றுண்டி அனுப்பிய குடும்பங்கள், புகையிரத நிலைய ஊழியர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

2028இல் எமது பாதைக்கு நூறு வயது. அதற்குள் கல்ஓயாச் சந்தி, மன்னம்பிட்டிப் பாலம், புனானை, வாழைச்சேனை ஆகிய பகுதிகளையும் சேர்த்து மாதிரிப் பாதையை நிறைவுசெய்யலாம் என்பது என் திட்டம். வரைபடங்கள் தயாராக உள்ளன. இன்று மேசையில் வைக்கப்பட்டுள்ளன. வெள்ளம் ஏறாத, பூட்டக்கூடிய, பதினாறடி நீளமுள்ள ஓர் அறை தேவை. ஊரில் பூட்டிக் கிடக்கும் கடை அறையோ களஞ்சியமோ வைத்திருக்கும் அங்கத்தவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். பெயர் கூறி எவரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை மட்டும் தரக்கூடிய பத்துப் பேர் முன்வந்தால் மன்னம்பிட்டிப் பாலத்தை இவ்வாண்டே தொடங்கலாம். செயலாளர் பதவிக்கு மீண்டும் போட்டியிடுவது பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்தப் பத்துப் பெயர்களும் அறையும் கிடைத்தால் தொடர்ந்து பணியாற்றச் சித்தமாயிருக்கிறேன். புதிய நிர்வாகத் தெரிவுக்கு முன் தேநீர் இடைவேளை உண்டு. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் நுழைவாயிலின் இடப்புற மேசையில் இருப்பார். பெயர் பதியும் தாளும் அதே மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்
மட்டக்களப்பு